பச்சை விளக்குக்குத் தெரியாத சேதி

ஒளிப்படக் கலைஞர்களே, வீடியோ எடிட்டர்களே, அச்சகம் நடத்தும் நண்பர்களே, கணக்கு அலுவலகங்களிலிருந்து வந்திருக்கும் சகோதர சகோதரிகளே!

இன்று நான் பேச வந்திருப்பது, நாஸ் பெட்டியில் வைத்த ஃபைல் கரப்ட் ஆவதைப் பற்றி. கவனியுங்கள், தொலைந்து போவதைப் பற்றி அல்ல. தொலைந்தால் தெரியும். தெரிந்தால் தேடுவோம், ஆளைக் கூப்பிடுவோம், தலையில் கை வைத்து உட்காருவோம். கெட்டுப்போன ஃபைல் அப்படியா? அது இருந்த இடத்திலேயே இருக்கும். பெயர் மாறாது. அளவு மாறாது. தேதி மாறாது. ஒருநாள் யாராவது திறந்து பார்க்கும்வரை அது கெட்டது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

நாஸ் என்றால் என்னவென்று இந்த அரங்கில் நீட்டி முழக்க வேண்டியதில்லை. ரவுட்டரோடு லேன் கேபிளில் இணைந்திருக்கும் பெட்டி. உள்ளே இரண்டோ நான்கோ ஹார்ட் டிஸ்க். கூடவே ஒரு சிறு கம்ப்யூட்டர், பெரும்பாலும் லினக்ஸ். சினாலஜி, க்யூநேப் என்று நாம் வாங்கும் பெட்டிகள் தைவான் நிறுவனங்களுடையவை. அலுவலகத்தில் எல்லாரும் அதில்தான் போடுகிறோம், அதிலிருந்துதான் எடுக்கிறோம். முன்பக்கம் பச்சை விளக்கு எரிந்தால் நிம்மதியாக ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுப் போகிறோம்.

அந்தப் பச்சை விளக்கைப் பற்றித்தான் எனக்கு வழக்கு இருக்கிறது.

ஒரு முகூர்த்தப் படம். இந்தத் தொழிலில் இருக்கும் பலர் இப்படி ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். மேலே பந்தல் சரியாக இருக்கிறது. நாதஸ்வரக்காரர் பின்னால் தெரிகிறார். தாலி எடுத்த மாப்பிள்ளையின் கை இருக்கிறது. அந்தக் கைக்குக் கீழே, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே எல்லாம் கத்தரிப்பூ நிறம். மணப்பெண்ணின் தோள் இருக்க வேண்டிய இடத்தைவிட்டு வலப்பக்கம் தள்ளி நிற்கிறது. அதற்கும் கீழே வெறும் சாம்பல்.

ஏன் இப்படி? ஜேபெக் படம் எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட சிறு சிறு கட்டங்களாகச் சேமிக்கப்படுகிறது. இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக. ஒவ்வொரு கட்டத்தின் அடிப்படை வெளிச்சமும் நிறமும் முழு எண்ணாக எழுதப்படுவதில்லை. முந்தின கட்டத்திலிருந்து எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்றுதான் எழுதப்படுகிறது. இடம் மிச்சம் பிடிக்க அப்படி ஓர் ஏற்பாடு. அதோடு, அந்த எண்கள் எல்லாம் ஒரே நீளமும் இல்லை. ஒன்று இரண்டு பிட், இன்னொன்று ஒன்பது பிட். இடையில் ஒரே ஒரு பிட் புரண்டால் போதும், எந்த எண் எங்கே முடிகிறது என்பதே குழம்பிவிடும். அதற்குப் பிறகு வரும் கட்டங்கள் எல்லாம் அந்தத் தப்பின் மேலேயே கட்டப்படும். பத்து எம்பி படத்தில் எட்டுக் கோடிக்கு மேல் பிட்டுகள். அதில் ஒன்று! அந்த ஒன்றுக்காக மணப்பெண்ணின் முகம் போய்விடுகிறது.

சரி, பெட்டியைப் போய்ப் பார்த்தால்? பச்சை விளக்கு. மென்பொருளைத் திறந்தால்? 'ஹெல்தி' என்று எழுதியிருக்கிறது. ரெய்டு சரியா? சரி. டிஸ்க் இரண்டும் நலமா? நலம். பிறகு படம் எப்படிக் கெட்டது?

ஒரு பிட் புரள்வதெல்லாம் நடக்கிற காரியமா என்று நினைப்பவர்களை பெல்ஜியம் நாட்டுக்கு அழைத்துப் போகிறேன். 2003 மே 18. பிரஸ்ஸல்ஸை ஒட்டிய ஸ்கார்பேக் என்ற ஊரில் தேர்தல். மின்னணு வாக்குப்பதிவு. எண்ணி முடித்தபோது ஒரு வேட்பாளருக்கு, அவருடைய கட்சிப் பட்டியலுக்கு விழுந்த வாக்குகளை வைத்துப் பார்த்தால் வரவே முடியாத அளவுக்கு வாக்கு. திரும்ப எண்ணினார்கள். கூடுதலாக விழுந்தது சரியாக 4096. கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு இந்த எண்ணைக் கேட்டதுமே சிரிப்பு வரும். இரண்டை இரண்டால் பெருக்கி, மறுபடி பெருக்கி, பன்னிரண்டு இரண்டுகளைப் பெருக்கினால் 4096. நினைவகத்தில் பதின்மூன்றாவது இடத்தில் இருந்த ஒரு பூஜ்யம் தானாக ஒன்றாகிவிட்டது என்பதுதான் நிபுணர்கள் கொடுத்த விளக்கம். மென்பொருளில் வேறு பிழை எதையும் அவர்களால் காட்ட முடியவில்லை.

அந்தத் தப்பு ஏன் பிடிபட்டது? கணக்கு இடித்ததால் பிடிபட்டது. வரமுடியாத எண் வந்ததால் பிடிபட்டது. நம் முகூர்த்தப் படத்துக்கு அப்படி இடிக்கிற கணக்கு ஏதாவது இருக்கிறதா? இல்லை. அது வெறும் பிட்டுகளின் வரிசை. எந்தப் பிட் சரி, எந்தப் பிட் தவறு என்று அந்த வரிசையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டுமென்றால், படம் நன்றாக இருந்த காலத்திலேயே ஒரு சாட்சி எண்ணை எடுத்து வைத்திருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட சாட்சி எண் ஒன்று உங்கள் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. ஆதார் அட்டையை எடுத்துப் பாருங்கள். பன்னிரண்டு இலக்கம். கடைசி இலக்கம் உங்களுக்காக ஒதுக்கியது அல்ல. முதல் பதினொன்றையும் வைத்துக் கணக்குப் போட்டு வந்த இலக்கம். வெர்ஹோஃப் என்ற டச்சுக் கணித அறிஞர் 1969இல் வெளியிட்ட முறை. எந்த ஓர் இலக்கத்தை மாற்றி அடித்தாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கம் இரண்டை இடம் மாற்றி அடித்தாலும் கடைசி இலக்கம் காட்டிக் கொடுத்துவிடும். ஃபைலுக்கும் இதே வழிதான். ஃபைல் முழுவதையும் ஒரு கணக்கில் போட்டால் ஒரு நீண்ட எண் வரும். அதற்குச் செக்சம் என்றும் ஹேஷ் என்றும் பெயர். ஒரு பிட் மாறினால் அந்த எண் முழுக்க மாறிவிடும்.

இப்போது பச்சை விளக்குக்கு வருவோம். அது எதைப் பார்த்து எரிகிறது?

1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விலை மலிந்த சிறு டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டி, அதில் ஒன்று செத்தாலும் மற்றவற்றைக் கொண்டு தகவலை மீட்பது எப்படி என்பது அதன் சாரம். அதுதான் ரெய்டு. அருமையான யோசனை. இன்றைக்கும் அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் அந்த யோசனையின் அடியில் ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது: டிஸ்க் கெட்டால், 'நான் கெட்டுவிட்டேன்' என்று அது வாய் திறந்து சொல்லும். சொல்லாமல் தப்பான தகவலைக் கையில் கொடுத்தால்? ரெய்டு அதை வாங்கி அப்படியே உங்களிடம் கொடுத்துவிடும். வாசலில் நிற்கும் காவல்காரர் கள்ளன் வந்தால் விசில் அடிப்பார். அடுப்பங்கரையில் பால் திரிந்ததா என்று அவரிடம் கேட்டு என்ன பயன்?

'என்னிடம் இரண்டு டிஸ்க், இரண்டிலும் ஒரே பிரதி, மிரர் போட்டிருக்கிறேன்' என்பீர்கள். மிகவும் நல்லது. ஒரு டிஸ்க்கில் ஓரிடத்தில் ஒன்று என்றும் அடுத்த டிஸ்க்கில் அதே இடத்தில் பூஜ்யம் என்றும் இருந்தால், எது சரி? சாதாரண லினக்ஸ் ரெய்டுக்கு அது தெரியாது. 'ரிப்பேர் செய்' என்று கட்டளையிட்டால், ஒரு பிரதியை எடுத்து மற்றதன்மேல் எழுதிவிட்டு 'இரண்டும் ஒத்துப்போகிறது' என்று பதில் சொல்லும். எடுத்தது நல்ல பிரதி என்றால் உங்கள் அதிர்ஷ்டம். கெட்டது என்றால், மிச்சமிருந்த ஒரே நல்ல பிரதியும் அந்தக் கட்டளையோடு போயிற்று. விளக்கு அப்போதும் பச்சைதான்.

இதெல்லாம் கோடியில் ஒருவருக்கு நடக்கிற சங்கதி என்று நினைக்க வேண்டாம். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகம் இருக்கிறது. அணுத்துகள்களை மோதவிட்டு ஆராயும் இடம். அவர்கள் 2007இல் தங்கள் சேமிப்பிலிருந்த 33,700 ஃபைல்களை எடுத்து, எழுதும்போது குறித்து வைத்த செக்சத்தோடு ஒப்பிட்டார்கள். 22 ஃபைல்கள் ஒத்துப்போகவில்லை. ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறுக்கு ஒன்று. ஒரு கல்யாணத்துக்கு நீங்கள் எத்தனை படம் எடுக்கிறீர்கள்? நான் பயம் காட்டவில்லை. அங்கே கெட்டதற்கு ரெய்டு கார்டும் டிஸ்க்கின் உள்மென்பொருளும் ஒத்துப்போகாததும் ஒரு பெரிய காரணம். உங்கள் பெட்டியில் அதே விகிதம் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று நிச்சயம்: அவர்கள் தேடினார்கள், கிடைத்தது. நாம் தேடுவதே இல்லை.

அடுத்த ஆண்டே, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தாரும் நெட்ஆப் நிறுவனத்தாரும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் ஆசிரியர் பெயர் லட்சுமி பைரவசுந்தரம். அவர்கள் எடுத்துக்கொண்டது 15.3 லட்சம் டிஸ்க்குகள், 41 மாதங்கள். சத்தமில்லாமல் செக்சம் ஒத்துப்போகாத நிகழ்வுகள் 4 லட்சத்துக்கும் மேல். இன்னொன்றும் கண்டார்கள். பெரிய நிறுவனங்களுக்கான விலை உயர்ந்த டிஸ்க்கில், வாங்கிய முதல் 17 மாதங்களில் இந்தக் கோளாறு வந்தவை 0.06 சதவீதம், விலை குறைந்த சாட்டா வகையில் 0.66 சதவீதம். பதினொரு மடங்கு. நம் பெட்டிக்குள் சுழல்வது எந்த வகை என்று உங்களுக்கே தெரியும்.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக், மேத்யூ ஆரன்ஸ் ஆகியோர் 2001இல் தொடங்கி, 2005இல் வெளியுலகுக்குக் கொடுத்த இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் இந்த நோய்க்காகவே பிறந்தது. ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் செக்சம் எழுதுகிறது. அதையும் அந்தத் துண்டின் பக்கத்திலேயே வைக்காமல், அந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று சுட்டிக்காட்டும் மேல் அடுக்கில் வைக்கிறது. தகவலும் சாட்சியும் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே கெட்டுப்போகலாமே! படிக்கும்போதெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் மறு டிஸ்க்கிலிருந்து நல்ல பிரதியை எடுத்துக் கொடுத்து, கெட்டதையும் திருத்திவிடும். பின்னால் வந்த பிடிஆர்எஃப்எஸ் ஏறக்குறைய இதே வேலையைச் செய்கிறது. சினாலஜியின் பல பெட்டிகளில் இருப்பது அதுதான்.

இங்கே ஒரு சின்னச் செய்தி. சின்னது, ஆனால் பலர் இதில்தான் சறுக்குகிறார்கள். சினாலஜியில் புதிதாக ஷேர்டு ஃபோல்டர் உருவாக்கும்போது, தகவலுக்குச் செக்சம் வேண்டுமா என்று ஒரு கட்டம் வரும். டிக் அடித்தால் உண்டு, அடிக்காவிட்டால் இல்லை. பிறகு நினைத்தாலும் அந்த ஃபோல்டரில் மாற்ற முடியாது. புதிய ஃபோல்டர் உருவாக்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்ற வேண்டும். பெட்டியை அமைத்துக் கொடுக்க வந்த ஆள் அன்றைக்கு அவசரத்தில் அந்தக் கட்டத்தில் டிக் இல்லாமலே 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அமுக்கியிருந்தால், நீங்கள் பிடிஆர்எஃப்எஸ்ஸுக்குக் காசு கொடுத்துவிட்டு அதன் கண்ணைக் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். நாளைக் காலையில் கடையைத் திறந்ததும் பாருங்கள். அதோடு ஸ்க்ரப் என்று ஒன்று உண்டு; எல்லாவற்றையும் ஒருமுறை படித்துச் சரிபார்க்கும் வேலை. அதை மாதம் ஒருமுறை இரவில் ஓடும்படி வைத்து விடுங்கள். யாரும் திறக்காத படத்தை அதுவாவது திறந்து பார்க்கும்.

செக்சம் வந்துவிட்டால் கவலை தீர்ந்ததா? தீரவில்லை, நண்பர்களே. தப்பையே முறையாக எழுதி, அதற்கு முறையாகச் செக்சமும் போட்டால் என்ன செய்வீர்கள்? 2007இல் மைக்ரோசாஃப்ட் வீட்டு உபயோகத்துக்கென்றே விண்டோஸ் ஹோம் சர்வர் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. கல்யாண ஆல்பம், பிள்ளைகளின் படம் எல்லாவற்றையும் பத்திரமாக ஒரே இடத்தில் வைக்க. அந்த ஆண்டு டிசம்பரிலேயே அறிவிப்பு வந்தது: ஒன்றுக்கு மேல் டிஸ்க் இருக்கும் பெட்டியில், சர்வரில் உள்ள ஃபைலைச் சில மென்பொருள்களால் நேரடியாகத் திறந்து திருத்திச் சேமித்தால் கெட்டுப்போகலாம். எந்த மென்பொருள்கள்? விஸ்டாவின் போட்டோ கேலரி, ஒன்நோட், அவுட்லுக், மைக்ரோசாஃப்ட் மணி. எல்லாம் அதே நிறுவனத்தின் பிள்ளைகள்! டிஸ்க்கில் குறையில்லை, கேபிளில் குறையில்லை. பல டிஸ்க்கை ஒன்றுபோல் காட்டும் அடுக்கில் பிழை. திருத்தம் வந்தது 2008 ஜூலையில். அத்தனை மாதமும் அவர்கள் சொன்ன ஆலோசனை என்ன? சர்வரில் வைத்துத் திருத்தாதீர்கள், உங்கள் கம்ப்யூட்டருக்கு எடுத்துத் திருத்துங்கள்.

சற்று முன் நான் புகழ்ந்த இசட்எஃப்எஸ்ஸும் தப்பவில்லை. 2023 நவம்பரில், அப்போதுதான் எழுதப்பட்ட ஒரு ஃபைலை உடனே காப்பி செய்தால், அரிதாகச் சில சமயம், காப்பியில் சில இடங்கள் வெறும் பூஜ்யமாக விழுகின்றன என்று கண்டுபிடித்தார்கள். தோண்டிப் பார்த்தால், அது பல ஆண்டுகளாக உள்ளே உறங்கிக்கொண்டிருந்த பிழை. அந்த மாதக் கடைசியிலேயே திருத்தம் வெளியிட்டுவிட்டார்கள். அந்தக் காப்பிகளைச் செக்சம் வைத்துச் சோதித்தால்? எல்லாம் சரி என்றே வரும். பூஜ்யங்களுக்குத்தானே அது செக்சம் போட்டது!

அதனால்தான் சினிமாக்காரர்கள் சேமிப்புப் பெட்டியை நம்பி உட்காருவதில்லை. பெரிய படப்பிடிப்புகளில் டிஐடி என்று ஒருவர் இருப்பார். கேமரா கார்டிலிருந்து காப்பி எடுக்கும்போதே ஒவ்வொரு ஃபைலுக்கும் ஹேஷ் எடுத்து, பட்டியலாக எழுதி, காப்பியின் கூடவே வைப்பார். காப்பியைத் திரும்பப் படித்து அந்த எண் வந்த பிறகுதான் கார்டை அழிக்க அனுமதி. இந்தப் பட்டியல் எப்படி இருக்க வேண்டும் என்று அமெரிக்க ஒளிப்பதிவாளர் சங்கம் ஏஎஸ்சி எம்ஹெச்எல் என்று ஒரு வரையறையே கொடுத்திருக்கிறது. கல்யாண வீட்டில் நமக்கு டிஐடி ஏது? ஆனால் காப்பி எடுத்தபின் சரிபார்க்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கார்டிலிருந்து நேராக ஹேஷ் எடுத்து, அந்தக் கல்யாணத்தின் ஃபோல்டருக்குள்ளேயே ஒரு டெக்ஸ்ட் ஃபைலாகப் போட்டு வையுங்கள். பத்து ஆண்டு கழித்துத் திறந்தாலும் அது சாட்சி சொல்லும். பெட்டி மாறலாம், நிறுவனம் மூடிப்போகலாம், அந்த எண் மாறாது.

சரி ஐயா, கெட்டுப்போய்விட்டது. இன்றைக்குக் காலையில்தான் பார்த்தேன். இப்போது என்ன செய்ய?

முதல் வேலை, எந்த வேலையும் செய்யாதிருப்பது. திருத்திச் சேமிக்காதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி இடம் மாற்றிச் செருகாதீர்கள். செக்டிஸ்க், ரிப்பேர் என்று எந்தப் பொத்தானையும் அமுக்காதீர்கள். பெட்டியில் ஸ்னாப்ஷாட் வசதி இருந்தால் இருக்கிற நிலையை அப்படியே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். பழைய ஸ்னாப்ஷாட்டுகள் தானாக அழிவதை நிறுத்துங்கள். அவற்றில் ஒன்றில்தான் நல்ல பிரதி இருக்கக்கூடும்.

அடுத்தது, ஃபைல் உண்மையில் கெட்டிருக்கிறதா? இது வேடிக்கைக் கேள்வி அல்ல. மேக் கம்ப்யூட்டரிலிருந்து நாஸுக்குள் எழுதினால், சில சமயம் ஒவ்வொரு படத்துக்கும் கூடவே புள்ளியும் அடிக்கோடும் முன்னால் போட்ட அதே பெயரில் ஒரு குட்டி ஃபைல் வந்து விழும். பெரும்பாலும் நான்கு கேபி. விண்டோஸில் அதை இரட்டைக் கிளிக் செய்து, திறக்கவில்லை என்று பதறுகிறார்கள். அது படமே இல்லை. மேக் தன் குறிப்புகளை எழுதி வைத்த ஃபைல். பக்கத்திலேயே அசல் படம் பத்திரமாக இருக்கும்.

இன்னொன்று நம் தமிழுக்கே உரிய தொல்லை. ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைக்கிறோம். 'பொன்னி' என்று வைத்ததாகக் கொள்ளுங்கள். அந்தப் 'பொ'வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒற்றை ஒகரக் குறியாக, அல்லது முன்னால் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறிகளாக. கண்ணுக்கு ஒன்றுதான். பழைய மேக்கின் ஃபைல் சிஸ்டம் பிரித்து எழுதும்; விண்டோஸில் நாம் அடிப்பது பெரும்பாலும் சேர்த்து எழுதியது. லினக்ஸ் பெட்டிக்கு இவை இரண்டு வெவ்வேறு பெயர். பட்டியலில் தெரியும் ஃபைலை ஆல்பம் மென்பொருள் 'காணோம்' என்று சொல்லும். ஃபைல் கெடவில்லை ஐயா, பெயரில்தான் குழப்பம். பெயரை மாற்றினால் தீர்ந்தது.

இந்த இரண்டும் இல்லை, உண்மையிலேயே கெட்டிருக்கிறது. எங்கே கெட்டது? டிஸ்க்கிலா, வழியிலா? கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நாஸுக்குள்ளேயே அந்த ஃபைலுக்கு ஹேஷ் எடுங்கள். பிறகு உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து, லேன் வழியாக, அதே ஃபைலுக்கு எடுங்கள். பிறகு இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து. விண்டோஸில் செர்ட்யூட்டில் என்ற கட்டளை அதிலேயே இருக்கிறது, எதையும் டவுன்லோடு செய்ய வேண்டாம். மூன்று எண்ணும் ஒன்றாக இருந்தால், பெட்டியில் இருப்பதே கெட்ட ஃபைல். ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் எண் மாறினால், நாஸ் நிரபராதி. அந்தக் கம்ப்யூட்டரின் ராமையோ லேன் கார்டையோ கேபிளையோ சந்தேகப்படுங்கள். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு தடவை எடுத்துவிட்டு 'ஒத்துப்போகிறது' என்று முடிவு செய்யாதீர்கள். முதல் தடவை படித்ததை நினைவில் வைத்துக்கொண்டு அதையே திருப்பிக் கொடுத்திருக்கும்.

பெட்டியில் இருப்பதே கெட்டது என்றால், டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையைத் திறங்கள். வரிசையாக எண்கள் இருக்கும். 5, 197, 198 ஆகியவற்றுக்கு நேரே பூஜ்யம் தவிர வேறு எண் இருந்து, அது ஏறிக்கொண்டும் போனால் டிஸ்க்கின் பரப்பே பழுதாகிறது, உடனே மாற்றுங்கள். 199 மட்டும் ஏறினால்? டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையிலுள்ள இணைப்பில் கோளாறு. டிஸ்க்கை மாற்றப் பல்லாயிரம் செலவழிக்கும் முன் இணைப்பைப் பாருங்கள். எல்லாம் பூஜ்யம் என்றால் ராமைப் பாருங்கள். நாம் வாங்குகிற சிறு பெட்டிகள் பலவற்றில் பிழை திருத்தும் இசிசி ராம் இருக்காது. டிஸ்க்குக்குப் போகும் ஒவ்வொரு பிட்டும் அந்த ராம் வழியாகத்தான் போகிறது.

கரன்ட்டை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் பாதி எழுதிய ஃபைல் அப்படியே நிற்கும். லினக்ஸின் ஜர்னல் காப்பது ஃபைல் சிஸ்டத்தின் கட்டுக்கோப்பை. ஃபைலுக்குள் இருக்கும் ஒவ்வொரு பைட்டையும் அல்ல. எல்லாரும் யுபிஎஸ் வைத்திருக்கிறோம். ஆனால் யுபிஎஸ்ஸின் பின்னாலிருக்கும் யுஎஸ்பி கேபிளை நாஸில் செருகியிருப்பவர்கள் எத்தனை பேர்? கை தூக்குங்கள் பார்ப்போம். அந்தக் கேபிள் இருந்தால்தான் 'பேட்டரி தீரப்போகிறது' என்று பெட்டிக்குத் தெரியும், முறையாக மூடிக்கொள்ளும். இல்லாவிட்டால் யுபிஎஸ் செய்வது, கரன்ட் போவதைப் பதினைந்து நிமிடம் தள்ளிப் போடுவது மட்டும்தான். பெரும்பாலும் அந்தக் கேபிள், பிரிக்காத கவரோடு, யுபிஎஸ் வந்த அட்டைப் பெட்டியிலேயே கிடக்கும்.

லைட்ரூம் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. படங்களை நாஸில் வைக்கலாம். கேட்டலாகை வைக்க அந்த மென்பொருளே சம்மதிப்பதில்லை. காரணம் இருக்கிறது. கேட்டலாக் என்பது ஒரு டேட்டாபேஸ். ஒரே நேரத்தில் இரண்டு பேர் எழுதாமல் பூட்டிக்கொள்ள வேண்டும். பிணையத்தின் வழியாக அந்தப் பூட்டு எப்போதும் நம்பிக்கையாக வேலை செய்வதில்லை. அதை ஏமாற்றிச் சிலர் குறுக்கு வழியில் நாஸிலேயே வைக்கிறார்கள். வேண்டாம், ஐயா.

எல்லா ஃபைலும் ஒரே நாளில், ஒரே மாதிரி, பெயருக்குப் பின்னால் புதிதாக ஒரு வாலோடு கெட்டிருந்தால் அது கோளாறு அல்ல, கொள்ளை. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற கும்பல், இணையத்துக்குத் திறந்து வைத்திருந்த க்யூநேப் பெட்டிகளில் புகுந்து அதைத்தான் செய்தது. அதற்கு மருத்துவம் வேறு. இன்றைய பேச்சுக்குள் அதை அடக்க முடியாது. ரவுட்டரில் நாஸுக்காகத் திறந்த போர்ட்டை மூடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

இனி பேக்கப். 'என்னிடம் பேக்கப் இருக்கிறது' என்று இத்தனை நேரம் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தவர்களே, உங்களிடம் வருகிறேன். மூன்று பிரதி, இரண்டு விதமான ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்ற விதியைப் பரப்பியவர் யார் தெரியுமா? கம்ப்யூட்டர் விஞ்ஞானி அல்ல. பீட்டர் க்ரோக் என்ற ஒளிப்படக் கலைஞர். நம் தொழில்காரர்! ஆனால் மூன்று பிரதியில் கெட்டது எப்படிப் பரவும் என்று பார்க்க வேண்டும்.

தினமும் ஓடும் ஆர்சிங்க் போன்ற பேக்கப் எதைப் பார்த்து, 'இந்த ஃபைல் மாறியிருக்கிறது, காப்பி எடு' என்று முடிவு செய்கிறது? சாதாரணமாக அளவையும் தேதியையும் மட்டும். சத்தமில்லாமல் ஒரு பிட் புரண்ட ஃபைலில் இவை இரண்டும் மாறுவதில்லை. ஆகவே பேக்கப் அதைத் தொடாமல் போய்விடும். தொடாததால் பேக்கப்பில் நல்ல பிரதி அப்படியே இருக்கும்! சோம்பேறித்தனம் காப்பாற்றுகிற இடம் உலகில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஆனால் மென்பொருள் திருத்திச் சேமிக்கும்போது கெட்ட ஃபைலில் தேதி மாறியிருக்கும். அன்றிரவே பேக்கப் அந்தக் கெட்டதை எடுத்துக்கொண்டு போய் நல்லதன்மேல் எழுதிவிடும். பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் பேக்கப்தான் அங்கே உங்களைக் காக்கும். சிங்க் மட்டும் செய்தால் காக்காது.

ஆகவே நாஸுக்கும் பேக்கப் டிஸ்க்குக்கும் இடையில் ஆர்சிங்கை ஒருமுறை வேறு விதமாக ஓட்டுங்கள்: தேதியைப் பார்க்காமல் செக்சம் பார்க்கும்படி, எதையும் எழுதாமல் பட்டியல் மட்டும் கொடுக்கும்படி. இரண்டுக்கும் அதில் தனித்தனி ஆப்ஷன் இருக்கிறது. இரவு முழுக்க ஓடும். காலையில் ஒரு பட்டியல் கிடைக்கும்: தேதி மாறாமல் உள்ளடக்கம் மட்டும் மாறிய ஃபைல்கள். பச்சை விளக்குக்குத் தெரியாத சேதி முழுவதும் அந்தப் பட்டியலில் இருக்கும். பழைய பெட்டியை விற்றுவிட்டுப் புதியது வாங்கி எல்லாவற்றையும் மாற்றப்போகிறவர்கள், மாற்றுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். மாற்றிய பிறகு கெட்டதும் புத்தம்புதிதாகத் தெரியும்.

பேக்கப்பும் இல்லை, ஸ்னாப்ஷாட்டும் இல்லை என்றால்? அப்போதும் கையை விரிக்க வேண்டாம். ரா ஃபைல் கெட்டிருந்தால், பெரும்பாலான கேமராக்கள் அதற்குள்ளேயே ஒரு ஜேபெக் முன்தோற்றத்தைப் பதித்து வைக்கின்றன. பலவற்றில் அது அச்சிடப் போதுமான அளவு பெரியது. எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளைக் கொண்டு அதைத் தனியாக உருவி எடுக்கலாம். எம்பி4 வீடியோ திறக்கவில்லை என்றால், எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை பல கேமராக்களில் ஃபைலின் கடைசியில்தான் எழுதப்படுகிறது என்பதை நினைவில் வையுங்கள். வால் அறுந்ததால் மொத்தமும் திறக்காது. காட்சிகள் உள்ளேயே இருக்கும். அதே கேமராவில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றைக் காட்டினால், அதைப் பார்த்து அட்டவணையைத் திரும்பக் கட்டும் அன்ட்ரங்க் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. எல்லாவற்றையும் நகல் எடுத்து நகலின்மேல் செய்யுங்கள், அசலின்மேல் அல்ல.

அதுவும் பலிக்கவில்லை என்றால், இன்னும் எங்கே பிரதி இருக்கிறது என்று தேடுங்கள். ஆல்பம் டிசைன் செய்தவரின் கம்ப்யூட்டரில் இருக்கும். வாடிக்கையாளருக்குக் கொடுத்த பென்டிரைவில் இருக்கும். இரண்டாவது கேமராக்காரர் கார்டை இன்னும் அழிக்காமல் இருக்கலாம். நேரலை போட்டிருந்தால் அந்தப் பதிவு இருக்கும். முதல் போன் மட்டும் ஆல்பம் அச்சிட்ட லேபுக்குப் போடுங்கள். வேலை முடிந்து சில வாரத்தில் அவர்கள் ஃபைல்களை அழித்துவிடுவது வழக்கம். மற்றவர்களிடம் நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம்; லேபுக்கு இன்றைக்கே பேசிவிடுங்கள்.